சூட்டிங் அண்ணையும் ஆறு உல்லாசப் பயணிகளும்

இத்தாலியின் பலெர்மோ நகரத்தை முழுதாகப் பார்த்து முடித்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரும் அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். லிபெர்த்தாப் பகுதியில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் வாசலில், ஓர் ஆள் இருந்தால் இன்னோர் ஆள் நிற்க இடமில்லாத கண்ணாடிக் கூண்டு ஒன்று உண்டு. அதற்குள் இருந்துகொண்டு காலையில் படி கழுவி, மத்தியானம் வீடு வீடாகத் தபால் பிரித்து, மிச்ச நேரமெல்லாம் இத்தாலியத் தொடர்நாடகம் பார்த்த அந்த மனிதருக்கு நாங்கள் வைத்த பெயர் சூட்டிங் அண்ணை. சொந்தப் பெயர் அவருடைய வதிவிட அட்டையில் இருந்தது. அதை வாசிக்க வேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை.

நான் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், எண்பது தாண்டிய ஒரு சின்யோராவை, அதாவது வீட்டுக்கார அம்மாவை, பராமரிக்கும் வேலையில் இருந்தேன். இன்றும் இருக்கிறேன். சின்யோரா பிற்பகலில் கண்ணயர்ந்ததும் நான் குப்பைப் பையோடு கீழே இறங்குவேன். இறங்கினால் அகப்பட்டுக்கொண்டேன் என்று அர்த்தம்.

"தங்கச்சி, ஓடி வாங்கோ, ஓடி வாங்கோ!"

ஏதோ தீப்பற்றிவிட்டதென்று ஓடிப்போனால், சின்னத் தொலைக்காட்சியில் கதாநாயகி விஷம் குடித்துச் செத்துக்கொண்டிருப்பாள். நான் அவளுக்காகக் கண்ணைத் துடைப்பேன். சூட்டிங் அண்ணை அவளுக்குப் பின்னால் விரலை நீட்டுவார்.

"அந்தத் தூணைப் பாத்தியளே? அது பக்கத்து ஊர் பகேரியாவிலை இருக்கிற பழைய மாளிகைத் தூண். போன கிழமை வேறை ஒரு நாடகத்திலை இதே தூணிலை சாய்ஞ்சுதான் அந்தக் கள்ளப் பெடியன் காதலைச் சொன்னவன்."

"அண்ணை, இஞ்சை ஒருத்தி சாகிறாள்."

"அவள் சாகட்டும். தூணைப் பாருங்கோ."

இதையெல்லாம் அவர் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். எந்தத் தொடர், எத்தனையாம் பாகம், எந்தத் தெரு, எந்தக் கதவு, பூட்டு என்ன நிறம் என்று எல்லாம் அதில் இருக்கும். நாடகக்காரர்கள் செய்யும் மோசடிகளுக்குப் பின்பக்கத்தில் தனியாக ஒரு பகுதி ஒதுக்கியிருந்தார். கதாநாயகன் பலெர்மோவில் ஒரு கதவைத் திறந்து காலை வெளியே வைத்தால் அந்தக் கால் கத்தானியாவில் போய் இறங்கும். அதை அவரால் தாங்கவே முடியாது. "பஸ்ஸிலை போனாலே மூண்டு மணித்தியாலம் தங்கச்சி. இவன் என்னண்டு ஒரு எட்டிலை போனவன்?" என்று இரண்டு நாள் புலம்பினார். அந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒரு கடிதம்கூட எழுதினார். அவர்கள் பதில் போடவில்லை. பதில் தெரியாததால்தான் போடவில்லை என்பது அவருடைய முடிவு.

வெளிநாட்டிலிருந்து யாருடைய சொந்தக்காரர் வந்தாலும் ஊர் சுற்றிக்காட்டுவது அவர்தான். நாங்கள் கேட்கமாட்டோம், அவராகவே வந்துவிடுவார். டொரண்டோவிலிருந்து வந்த என் மச்சாளை அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். அவள் கதீட்ரலையும் கடலையும் பார்க்க ஆசைப்பட்டு வந்தவள். அவர் எங்களை ஒரு சந்து மூலைக்குக் கொண்டுபோய், மூன்று குப்பைத் தொட்டிகளுக்கு முன்னால் நிறுத்தினார்.

"இந்த மூலையிலைதான் தங்கச்சி பெரிய சூட்டிங் நடந்தது. நீதவானைக் கதவோடை வைச்சே முடிச்சவை. அந்தச் சந்தியிலை ரெண்டு பேர். மேல்மாடியிலை ஒரு பொம்பிளை."

மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். எங்கள் ஊரில் சூட்டிங் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்பது அவருக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

"ஐயோ மாதாவே! எப்ப அண்ணை?"

"போன வியாழன்."

"போன வியாழனோ! பொலிஸ் வரேல்லையோ?"

"வந்தது. பொலிசும் அவங்கட ஆள்தான்."

"அப்ப சுட்டவன் எங்கை?"

"அவன் இப்ப வேறை சனலிலை பாதிரியாரா வாறான்."

மச்சாளின் ஐஸ்கிரீம் குப்பைத் தொட்டிப் பக்கம் விழுந்தது. நான் விளங்கப்படுத்தி முடிக்கும்வரை அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டே நின்றாள். அன்றைக்கு அவள் கதீட்ரலைப் பார்க்கவில்லை. பார்க்கும் மனநிலையும் அவளுக்கு இல்லை.

இப்படி மற்றவர்களின் படிகளையும் தூண்களையும் தேடித் திரிந்த மனிதருக்கு, ஒரு நாள் சொந்தப் படியிலேயே படப்பிடிப்பு வந்து வாய்த்தது. எங்கள் கட்டடத்தின் பழைய சலவைக்கல் படிக்கட்டு ஒரு துப்பறியும் தொடர்காரருக்குப் பிடித்துப்போனது. மூன்று நாள் எடுத்தார்கள். மூன்று நாளும் சூட்டிங் அண்ணை சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. கதாநாயகி அழுதுகொண்டு படியால் ஓடி வர வேண்டும். கீழே ஒருவர் வாளியோடு குறுக்கே போக வேண்டும். இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார். வாளியோடு நின்றது இவர். பதினொரு தரம் எடுத்தார்கள். பதினொரு தரமும் குறுக்கே போய், ஒவ்வொரு தரத்துக்கும் இடையில் கதாநாயகியின் காலடி அழுக்கையும் அவரே துடைத்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், எங்கள் கோவில் பங்கிலுள்ள எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. தொடர் ஒளிபரப்பான வாரம், ஞாயிறு பின்னேர மறுஒளிபரப்பைப் பார்க்க ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெர்னதெத் அக்காவின் வீட்டில் கூடினோம். அக்கா மன்னார்க்காரி. நாற்பது ரோல்ஸ் சுட்டிருந்தா. காட்சி வந்தது. கதாநாயகி ஓடி வந்தாள். கடைசிப் படியோரம் ஒரு நீல வாளி தெரிந்தது. அவ்வளவுதான், காட்சி முடிந்துவிட்டது. வெட்டிய இடத்தில் அண்ணை போய்விட்டார். எங்கள் ஆட்களோடு பழகித் தமிழ் பிடித்த மொரீசியஸ்காரன் சிவாதான் தீர்ப்புச் சொன்னான்.

"அண்ணை, வாளி நல்ல நடிப்பு."

இதிலே அவருக்கு வெட்கமே இல்லை. மறுநாள் காலை கட்டடத்தில் கண்டவர்களுக்கெல்லாம் தான் நடித்த கதையைச் சொல்லத் தொடங்கினார். கூட்டத்தில் ஒருவராக வந்து போகும் நடிகரை இத்தாலியர் 'கொம்பார்சா' என்பார்கள். அண்ணையின் வாயில் அதற்கு முன்னால் ஒரு 'ஸ்' தானாக வந்து ஏறிக்கொண்டது. 'ஸ்கொம்பார்சோ' என்றால் காணாமல் போனவர். மரியாதையாகச் சொன்னால் காலமானவர். "நான் ஸ்கொம்பார்சோ, தொலைக்காட்சியில் காட்டினார்கள்" என்று முதலாம் மாடிக் கிழவரிடம் சொல்லியிருக்கிறார். பாதி காது கேட்கும் அந்தக் கிழவர், வாசல்காரர் காலமாகிவிட்டார் என்று என் சின்யோராவுக்குத் தொலைபேசியில் அறிவித்துவிட்டார்.

சின்யோரா மெழுகுதிரி கொளுத்தினார். நான் கடைக்குப் போயிருந்த நேரம் அது. தன் கையாலேயே ஓர் அனுதாப அட்டை எழுதி, வாசல்காரரின் குடும்பத்தாருக்கு என்று முகவரியிட்டு, பக்கத்து வீட்டுப் பெடியனைக் கொண்டு கீழே தபால் பெட்டியில் போடச் செய்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் தபால் பிரிப்பது யார்? மத்தியானம் அட்டையும் கையுமாக அண்ணை எங்கள் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, எங்கட குடும்பத்திலை ஆரோ செத்துப்போச்சினமாம். ஆரெண்டு இதிலை எழுதேல்லை."

எனக்குப் பின்னால் வந்த சின்யோரா அவரைக் கண்டு போட்ட சத்தத்தில் ஐந்து மாடியும் கதவைத் திறந்தது. அன்றிலிருந்து சின்யோரா அவரிடம் தனி அன்பு வைத்தார். செத்துத் திரும்பி வந்தவர் என்ற மரியாதைதான்.

சிரிப்பெல்லாம் அந்த வசந்தகாலத்தோடு சரி. கோடை தொடங்கும்போது, அடுத்த வருடத்திலிருந்து படி கழுவும் வேலையை ஒரு கம்பனிக்குக் கொடுக்கப்போவதாகக் கட்டட நிர்வாகம் அறிவித்தது. கூண்டையும் பூட்டிவிடுவார்களாம். ஜெர்மனியில் இருக்கும் அவருடைய தங்கச்சி "வா, இஞ்சை களஞ்சியத்திலை வேலை இருக்கு" என்று கூப்பிட்டபடி இருந்தா. அண்ணைக்குப் போக மனமே இல்லை. அந்த நேரம்தான் தபால் பிரிக்கும்போது ஒரு துண்டுப்பிரசுரம் அவர் கையில் அகப்பட்டது. இத்தாலியச் சினிமாவும் தொலைக்காட்சியும் உல்லாசப் பயணத்தோடு எப்படித் தொடர்புபடுகின்றன என்று ஓர் இலவசப் படிப்பு, நகரவாசி யாரும் சேரலாம், நான்கு மாதம், கடைசியில் சோதனை. படம் எடுத்த இடங்களைச் சுற்றிக்காட்டும் ஒரு நிறுவனம் சித்தியடைகிறவர்களிலிருந்து ஆள் எடுக்கும் என்றும் அடியில் போட்டிருந்தது.

"தங்கச்சி, பாஸ் பண்ணினா பலெர்மோ. இல்லாட்டி ஜெர்மனி. நான் பாஸ் பண்ணுவன்" என்றார்.

ஐம்பத்திரண்டு வயதில், இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், சீ.ஆர். கொப்பியோடு முதல் வாங்கில் போய் உட்கார்ந்தார். படிப்பித்த பேராசிரியை, மனிதர்கள் திரையில் கண்ட ஊரைத் தேடி வருவது ஏன் என்று விளக்குவார். இவர் கையைத் தூக்கி, அந்தத் திரையில் கண்ட ஊர் உண்மையில் எந்த ஊர் என்று திருத்துவார். முதல் மாதம் அந்தப் பெண்மணிக்கு இவரைக் கண்டாலே தலையிடி. மூன்றாம் மாதம் சந்தேகம் வந்தால் இவர் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பாராம். இது அண்ணை சொன்ன கணக்கு. பாதியாவது உண்மையாக இருக்கும்.

சோதனை என்றால் எழுத்துச் சோதனை இல்லை. ஆறு உல்லாசப் பயணிகளைக் கூட்டிவந்து, படம் எடுத்த ஓர் இடத்தைச் சுற்றிக்காட்ட வேண்டும். மூன்று சோதகர்கள் கூடவே நடப்பார்கள். மற்றவர்கள் பெரிய பெரிய சதுக்கங்களைத் தேர்ந்தார்கள். அண்ணை எங்கள் படிக்கட்டைத் தேர்ந்தார். நாளையும் வியாழன் பின்னேரமாகக் கேட்டு வாங்கினார். வீட்டு வேலைக்காரருக்கு இத்தாலி முழுக்க வியாழன் பின்னேரம்தான் ஓய்வு. அவருக்கு வேண்டிய ஆறு உல்லாசப் பயணிகளும் நாங்கள்தான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பெர்னதெத் அக்கா, சிவா, கோவில் பாடகர் குழுவில் மூன்று பேர், நான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கமரா, கையில் வரைபடம். பிரெஞ்சு பேசத் தெரிந்த சிவாவுக்கு மட்டும் பேச அனுமதி. முதல்நாள் அண்ணை பயிற்சி தந்தார்.

"ஆரும் வீட்டுக்காரர் வந்தா சுவரோடை ஒதுங்காதேங்கோ. படியிலை குப்பை கண்டாக் குனியாதேங்கோ. உல்லாசப் பயணி குனியமாட்டான்."

"அண்ணை, இது கள்ள வேலை எல்லே?" என்றேன்.

"நடிப்பு தங்கச்சி. படிப்பே அதைப் பற்றினதுதானே."

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பேராசிரியையும் இரண்டு சோதகர்களும் வந்தார்கள். நாங்கள் ஆறு பேரும் படியடியில் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தபடி நின்றோம். எல்லாம் நன்றாகத்தான் போனது. பின்னால் நின்ற சோதகர் ஒருவர், கோட்டும் சூட்டும் கோப்புமாக, எங்களைத் தாண்டி முன்னால் வர விரும்பி மரியாதையாக ஒரு சொல் சொன்னார்.

"பெர்மெஸ்ஸோ?"

இத்தாலியில் வழி விடுங்கள் என்பதற்கும் அதுதான் சொல். எங்கள் வதிவிட அட்டையின் பெயரும் அதுதான். கோட்டுப் போட்ட ஆள் கோப்போடு வந்து முதுகுக்குப் பின்னால் பெர்மெஸ்ஸோ என்றால் எங்கள் கை யாரையும் கேட்காது. ஆறு கைகள் ஆறு பைக்குள் போயின. ஐந்து அட்டைகள் வெளியே வந்தன. புதுப்பிக்கக் கொடுத்திருந்த சிவா மட்டும் ரசீதை நீட்டினான்.

பேராசிரியை அந்த அட்டைகளைப் பார்த்தார். பிறகு எங்கள் தொப்பிகளைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடியிலிருந்து சின்யோரா எட்டிப்பார்த்து, "ரீத்தா! உனக்கு ஏன் இந்தத் தொப்பி? என் கண்ணுக்கு மருந்து விடு!" என்று கூப்பிட்டார். நான் உல்லாசப் பயணியாகவே மேலே போய், இரண்டு கண்ணுக்கும் இரண்டிரண்டு சொட்டு விட்டுவிட்டு, உல்லாசப் பயணியாகவே இறங்கி வந்தேன். கீழே பெர்னதெத் அக்கா தன் கழுத்துச் சால்வையால் கைப்பிடிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தா. தான் துடைப்பது அவவுக்கே தெரியாது.

"இவர்கள் உல்லாசப் பயணிகளா?" என்று பேராசிரியை கேட்டார்.

நான்கு மாதப் படிப்பும் போச்சு, ஜெர்மனிதான் என்று நினைத்தேன். அண்ணை பொய் சொல்லவில்லை. அவருடைய இத்தாலிய மொழியை எங்கள் பேச்சில் தருகிறேன்.

"மடம், படத்திலை பாத்த இடத்தை நேரிலை பாக்க வாறவர்தான் இந்த வகைப் பயணி எண்டு வகுப்பிலை நீங்கள்தான் சொன்னனீங்கள். இவை இருபது வருசமா இந்த ஊரிலை இருக்கினம். வேலைக்குப் போவினம், கோயிலுக்குப் போவினம், வீட்டை வருவினம். ஊரைப் பாத்தது டீவியிலைதான். இண்டைக்குத்தான் நேரிலை பாக்க வந்திருக்கினம். பொய்யெண்டா நீங்களே கேளுங்கோ."

பேராசிரியை கேட்டார். நான் கதீட்ரலுக்குள் எத்தனை தரம் போயிருக்கிறேன் என்று என்னிடம் கேட்டார். ஒரு தரமும் இல்லை என்றேன். சொல்லும்போதுதான் அது எனக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன், மறைக்க இனி எதுவும் இல்லை.

"தொடருங்கள்" என்றார் பேராசிரியை.

அதற்குப் பிறகு அண்ணை காட்டியதுதான் படிக்கட்டு. நான் தினமும் ஏறி இறங்கும் அந்தப் படியில் எந்தச் சன்னல் வெளிச்சத்துக்காக இயக்குநர் காலை பத்து மணிவரை காத்திருந்தார், எந்தப் படியில் கதாநாயகியின் சப்பாத்துக் குதி உடைந்தது, எந்தக் கல் மட்டும் புதுக்கல் என்று எல்லாம் சொன்னார். வில்லனின் வீடாகக் காட்டிய இரண்டாம் மாடிக் கதவு உண்மையில் ஒரு பல் வைத்தியருடையது. அதைப் படம் எடுக்க மிலானோவிலிருந்து வந்தவர்களில் இரண்டு பேர் பல்லும் பிடுங்கிக்கொண்டு போன கதையைச் சொல்லி, "சினிமாவாலை ஊருக்கு வாற வருமானம் இதுதான்" என்று முடித்தார். சோதகர்கள் சிரித்தார்கள். கடைசிப் படியில் நின்று நெஞ்சைத் தொட்டு, "இந்த இடத்தில் நான் ஸ்கொம்பார்சோ" என்றார்.

"கொம்பார்சா" என்று பேராசிரியை மெதுவாகத் திருத்தினார்.

"இல்லை மடம். எடுக்கேக்கை கொம்பார்சா. டீவியிலை வரேக்கை ஸ்கொம்பார்சோ. ரெண்டும் நான்தான். வாளியைக் கேட்டாத் தெரியும்."

பேராசிரியை சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். எழும்பும்போது அவர் கண் கலங்கியிருந்தது. முப்பதுக்கு முப்பது போட்டார். சான்றிதழை அண்ணை கூண்டுக் கண்ணாடியில் வெளிப்பக்கம் பார்க்க ஒட்டினார். தபால்காரன்கூட வாசித்துக் கைகொடுத்தான்.

அந்த நிறுவனம் அவரைக் கூப்பிட்டது உண்மை. சான்றிதழைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதும் உண்மை. பிறகு, உயர்தரப் பள்ளிச் சான்றிதழும் வேண்டும் என்று கேட்டார்கள், அது இல்லாமல் வழிகாட்டியாக எடுக்க முடியாதாம். அண்ணை படித்த பள்ளிக்கூடம் யுத்தத்தில் மூன்று தரம் இடம்பெயர்ந்தது. அதன் பதிவேடுகள் ஒரு தரமும் கூடப் போகவில்லை. ஊருக்கு எழுதினார், கொழும்புக்கு எழுதினார், பேராசிரியையும் அவருக்காகக் கடிதம் எழுதிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. வருட முடிவில் கம்பனிக்காரர்கள் இயந்திரத்தோடு வந்து படி கழுவத் தொடங்கினார்கள்.

அவர் ஜெர்மனிக்கு ரயில் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எல்லோருக்கும் வேலை நாள். சின்யோரா எனக்கு இரண்டு மணித்தியாலம் விடுமுறை தந்தார். மேடையில் நின்று, பெட்டியை ஏற்றிவிட்டு, நான் போனைத் தூக்கி அவரை ஒரு வீடியோ எடுத்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்தார், கையை ஆட்டினார். ரயில் போனதும் அதை அவருக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடினேன். ரயில் பகேரியா தாண்டுமுன்னே பதில் வந்துவிட்டது.

"தங்கச்சி, மேடை நம்பர் வரேல்லை, மணிக்கூடு வரேல்லை, ரயிலும் வரேல்லை. இது எந்த ஸ்டேசன் எண்டு பாக்கிறவனுக்கு என்னண்டு தெரியும்?"

தெரியத் தேவையில்லை அண்ணை. நான் எடுத்தது உங்களை.